மலை தாண்டி உன் காரை இழுத்து வந்த விவரம்

பகோசா ஸ்பிரிங்ஸ்,
சனிக்கிழமை, காலை பத்து மணி.

அன்புள்ள வெர்னாவுக்கு,

உன் கணவன் டெல்பர்ட் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா, உன் வலது முழங்கால் நலமா, வீக்கம் வடிந்ததா? உன் அக்கா லோயிஸும் நலமாக இருக்கட்டும். அவள் விஷயத்தில் எனக்கு அவசரமில்லை, மெதுவாகவே நலமாகட்டும். போனில் சொல்லவேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணமும் அவள்தான். காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் "டெல்பர்ட், அவ தூங்குறா" என்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டாலும் "அவ தூங்குறா" என்கிறாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடமாக நீ தூங்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துத் தூங்குகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். தூங்கு. உனக்கு அது வேண்டியதுதான்.

நீ அனுப்பிய செய்தியில் நான்கு வரி இருந்தது. திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. போய்வர என் கார் வேண்டும். வெள்ளிக்குள் கொண்டு வா. வாசலில் விட்டுவிட்டுப் போ, உள்ளே வர வேண்டாம். முப்பத்தாறு வருடத்துக்கு நான்கு வரி. ஒன்பது வருடத்துக்கு ஒரு வரி கணக்கில் வகுத்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை போய்விட்டது, கார் வரவில்லை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்று லோயிஸ் உன் காதில் ஓதியிருப்பாள். இழுத்தது உண்மை. அடித்ததும் உண்மை. வேண்டுமென்றே அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன்னால் கையெழுத்து விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது எழுத வராது. குளிர்கால வேலைக்கு, ஆர்டர் எடுத்துச் சாமான் அனுப்பும் அந்தக் கிடங்கு அனுப்பிய தாளில் என் பெயருக்குக் கீழே உன் பெயரையும் எழுதி உன் கையெழுத்தையும் நானே போட்டது தப்பு. போன டிசம்பரில் அந்தக் கிடங்கில் நீ ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மைல் நடந்தாய். அறுபத்தொரு வயதில். யாரோ ஒருத்தருடைய பூனைக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருந்தது, அதை எடுத்துவர நீ சிமெண்ட் தரையில் ஓடினாய். சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள், பொத்தானை அழுத்தினால் வலி மாத்திரை விழும், இலவசம். முழங்காலைக் கெடுக்கச் சம்பளம், கெட்ட முழங்காலுக்கு மாத்திரை இலவசம். இதைவிட நல்ல முதலாளி எங்கே கிடைப்பான்? விளம்பரத் தாளில் நரைத்த ஜோடி ஒன்று நெருப்பு மூட்டி உட்கார்ந்து சிரிக்கிறது. 'சாலையே உங்கள் இல்லம்' என்று கீழே போட்டிருக்கிறது. நான் வேலை பார்த்த காகித ஆலையை மூடி, ஓய்வூதியத்தை விழுங்கி, உன் ஆபரேஷனுக்காக வீட்டை வங்கி பிடுங்கிக்கொண்ட பிறகுதான் சாலை நம் இல்லமானது என்று எந்த மூலையிலும் போடவில்லை. இவ்வளவும் தெரிந்த நான்தான் உனக்காகக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேர் போனால் வசந்தம் வரைக்கும் தாங்கும் என்று நினைத்தேன். நீ கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "என்னை ஒரு வார்த்தை கேக்காம என் முழங்காலை வித்துட்ட டெல்பர்ட்" என்று மட்டும் சொன்னாய். பிரேக்கை மிதிக்க முடியாத அளவுக்குக் கால் வீங்கியிருந்ததால் உன் காரை விட்டுவிட்டு லோயிஸ் காரில் ஏறிப் போனாய். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? கொட்டகையில் உருளைக்கிழங்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனேன். இதை எழுதும்போது என்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது. ஆனால் கை எழுத வேண்டியிருக்கிறது.

நீ போன மூன்றாம் வாரம் டிரெவர் வந்தான். உருளைக்கிழங்குக் கொட்டகை மேலாளர்தான், வேறு யார். நாம் குடியிருக்கிற வீட்டு வண்டியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "பெரியவரே, வருத்தமான விஷயம். இந்த இடத்தைக் காலி பண்ணணும்" என்றான். ஏன் என்றேன். "இது தம்பதிங்களுக்கு மட்டும்னு ஒதுக்கின இடம். கரண்டு, தண்ணி எல்லாம் ரெண்டு ஆள் வேலைக்குத்தான். நீங்க ஒத்த ஆளு" என்றான். நான் இரண்டு ஆள் வேலையைத்தான் செய்கிறேன், நேற்று கிழங்கு தரம்பிரிக்கிற பெல்ட்டின் இரண்டு பக்கமும் நானேதான் நின்றேன் என்றேன். "செய்யறீங்க பெரியவரே, மறுக்கல. ஆனா ரெண்டு ஆள் இல்லையே" என்றான்.  மூன்று வாரமாக வண்டிக்குள் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த அதே விஷயத்தை அந்தப் பயல் அலுவலகத் தாளைப் பார்த்துச் சொல்கிறான். போகும்போது பெருந்தன்மையாக ஒரு மூட்டை கழித்த உருளைக்கிழங்கு கொடுத்தான். அந்த மூட்டையை மறந்துவிடாதே, அது மறுபடியும் வரும்.

வியாழக்கிழமை காலை உன் காரை வண்டிக்குப் பின்னால் பூட்டினேன். இதுவரை ஆறு வருடத்தில் எத்தனையோ தடவை பூட்டியிருக்கிறோம், ஆனால் அதில் பாதி வேலையை நீ செய்தாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து விளக்கைப் போடுவேன், நீ பின்னால் காருக்குப் பக்கத்தில் நின்று "இடது எரியுது, வலது எரியுது, பிரேக்கு மிதி, சரி" என்று கத்துவாய். அப்புறம் நான் பத்தடி மெல்ல உருட்டுவேன், நீ கூடவே நடந்து காரின் நான்கு சக்கரமும் சுற்றுகிறதா என்று பார்ப்பாய். ஒத்தை ஆளாக நான் இடது விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிப் பின்னால் போய்ப் பார்த்தேன், திரும்ப ஓடி வந்து வலதைப் போட்டேன், திரும்ப ஓடினேன். முப்பத்தாறு அடி வண்டி, வெர்னா. பிரேக் விளக்குக்கு என்ன செய்வது? காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு கண்ணைப் பின்னால் அனுப்ப எனக்குத் தெரியாது. அதனால் டிரெவர் கொடுத்த மூட்டையைத் தூக்கி பிரேக்கின் மேல் சாய்த்து வைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன், விளக்கு எரிந்தது. உனக்கு பதில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு போதும் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன், மன்னித்துவிடு. மூட்டையை எடுத்து என் இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பத்தடி உருட்டிப் பார்க்கும்போது கூட நடக்க ஆள் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், கார் பின்னால் வந்தது. வந்தால் போதாதா?

போதாது. டெல் நார்ட் ஊரைத் தாண்டியதும் ஒரு பழைய லாரி எனக்கு இணையாக வந்து ஹார்ன் அடித்தது, வைக்கோல் ஏற்றிய லாரி, ஓட்டியது ஒரு பெண். அவளும் ஹார்ன் அடித்தாள், நானும் மரியாதைக்கு அடித்தேன். அவள் கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். கடைசியில் அவள் முன்னால் வந்து குறுக்கே நிறுத்தி இறங்கினாள். திருமதி அர்ச்சுலெட்டா என்று பெயர், உன் வயது இருக்கும், மாட்டுப்பண்ணைக்காரி.

"ஏங்க, பின்னாடி வர்ற காரு புகையுதே, உள்ள யாரு இருக்கா?" என்றாள்.

"யாரும் இல்லைங்க."

"அப்ப ஹேண்ட் பிரேக்கை யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். காரைப் பூட்டும்போது நகராமல் இருக்கப் போட்டதை எடுக்க மறந்துவிட்டேன். பின்சக்கரம் இரண்டும் சுற்றாமலே பதினைந்து மைல் தேய்ந்துகொண்டு வந்திருக்கின்றன. வலது டயர் கிழிந்து நாராகத் தொங்கியது, இடது டயர் ஒரு பக்கம் மட்டும் வழுக்கை. அவள் சுற்றிவந்து பார்த்தாள். "இதை உருட்டிப் பாக்க ஒரு ஆளு வேணுமே. வீட்டுக்காரி எங்க?" என்றாள். அக்கா வீட்டில் என்றேன். "எவ்வளவு நாளாச்சு?" முப்பது நாள் என்றேன். அவள் வைக்கோல் மேல் கட்டியிருந்த ஜாக்கியை அவிழ்த்தாள். "முப்பது நாளைக்கெல்லாம் அக்கா வீடுன்னு பேரு இல்லைங்க. அந்த ஸ்பேனரை எடுங்க" என்றாள். அவளே மாற்றினாள், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். டெல் நார்ட்டுக்குத் திரும்ப அழைத்துப்போய் இன்னொரு பழைய டயரும் வாங்கிக் கொடுத்தாள். கிளம்பும்போது காரின் கூடவே நடந்து நான்கு சக்கரத்தையும் பார்த்து, "சுத்துது, போங்க" என்றாள். நான் கொஞ்ச தூரம் போய் நிறுத்த வேண்டியிருந்தது. கண்ணில் ஏதோ தூசி.

அப்புறம் சவுத் ஃபோர்க். மலை ஏற்றம் ஆரம்பிக்கிற அந்தப் பெட்ரோல் கடை. உல்ஃப் கிரீக் கணவாயை எத்தனை தடவை தாண்டியிருக்கிறோம், ஒரு தடவைகூடக் காரை இழுத்துக்கொண்டு தாண்டியதில்லை. அங்கேதான் காரைக் கழற்றுவோம், நீ காரில் முன்னால் போவாய், நான் வண்டியில் பின்னால் வருவேன். வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டே போவாய்: "இங்க ஒரு வளைவு. ரெண்டாவது கியர்ல போடு. கல்லு விழுந்து கிடக்கு, இடது பக்கம் ஒதுங்கு. ஐயோ அந்த மஞ்சள் மரத்தைப் பாரு, வேணாம் வேணாம், பாக்காத, ரோட்டைப் பாரு." உன் காரின் இரண்டு சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டே இறங்கலாம் போலிருக்கும். இப்போது ஓட்டுநர் ஒருவன், ஓட வேண்டியது இரண்டு. கடைக்காரனிடம் யோசனை கேட்டேன். "வீட்டு வண்டியை முதல்ல ஓட்டிட்டுப் போய் அந்தப் பக்கம் வுடுங்க. யாராவது வண்டியில தொத்திக்கிட்டு திரும்பி வந்து காரை எடுத்துட்டுப் போங்க" என்றான். தாடி வைத்த ஒரு கிழவனை எவன் ஏற்றுவான் என்றேன். அவன் என் தாடியைப் பார்த்தான். "அதுவும் சரிதான்" என்றான். உனக்கு வெள்ளிக்குள் கார் வேண்டும். இழுத்துக்கொண்டே ஏறுவது என்று முடிவெடுத்தேன்.

ஏற்றத்தில் நத்தை தோற்றுப்போகும். என் பின்னால் இருபது வண்டி, இருபதிலும் ஹார்ன். மஞ்சள் மரமெல்லாம் இலை கொட்டிக்கொண்டிருந்தது, பார்க்காதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் நான் பார்க்கவில்லை. உச்சிக்குப் போனதும் இறங்குவதற்கு முன் வழக்கம்போல் கை தானாக வாக்கி-டாக்கியை எடுத்தது. உன்னுடையது உன் கார் இருக்கையில்தான் கிடந்தது, அதில் பேசினால் காலி இருக்கைக்குத்தான் கேட்கும் என்று தெரியும். தெரிந்தும் பேசினேன்.

"வெர்னா, கீழ ரோடு எப்படி இருக்கு?"

பதில் வந்தது. வாக்கி-டாக்கியைக் காதோடு ஒட்டிவைத்தேன்.

"வெர்னா இல்ல. நான் காலைல நாலு மணியிலேர்ந்து மரத்தடியில மானுக்காகக் குந்திட்டிருக்கேன். யாருங்க அது?"

டெல்பர்ட் என்றேன்.

"பெரியவரே, உங்க சத்தத்துல இருந்த ஒரே மானும் ஓடிருச்சு. யாரு வெர்னா?"

"என் மனைவி."

"எங்க இருக்காங்க?"

"கார்டெஸ்ல, அவ அக்கா வீட்டுல."

 "பெரியவரே, கார்டெஸ் நூறு மைலுக்கு மேல. இந்த ரேடியோ அஞ்சு மைலு கூடத் தாங்காது."

"தெரியும்" என்றேன்.

 "சரி. நான் காலைல கீழேருந்துதான் வந்தேன். ரோடு காஞ்சு கிடக்கு, ஐஸ் இல்ல. ரெண்டாவது வளைவு மட்டும் மோசம். சின்ன கியர்ல போட்டுட்டு மெல்ல வாங்க" என்றான். நன்றி சொன்னேன். அவன் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவனுக்கு ஒரு மான் கிடைத்திருக்கட்டும்.

சின்ன கியரில்தான் இறங்கினேன், சத்தியமாக. பாதி இறக்கம் வரைக்கும் நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய். அந்தப் பெரிய வளைவுக்கு முன்னால், தரையில் வைத்த மூட்டையின் வாய் அவிழ்ந்தது. கழித்துப்போட்ட கிழங்கென்றாலும் நல்ல உருண்டைக் கிழங்குகள், ஒவ்வொன்றாக உருண்டு முன்னால் வந்தன. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வளைவில் பிரேக்கை மிதித்தேன், பிரேக் கீழே போகவில்லை. அடியில் ஒரு கிழங்கு போய் உட்கார்ந்துவிட்டது. காலால் தள்ளினேன், அது நகர்ந்து இன்னொன்றுக்கு இடம் கொடுத்தது. காருக்குள் பிரேக்கை மிதிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறோமே, அது நான் மிதித்தால்தான் மிதிக்கும். ஆக, நானும் மிதிக்கவில்லை, அதுவும் மிதிக்கவில்லை, உன் கார் என்னைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. குனிந்து எடுக்கலாமென்றால் ரோட்டை யார் பார்ப்பது? பக்கத்தில் நீ இருந்திருந்தால் ஒரு கையை நீட்டி எடுத்திருப்பாய், எடுத்துக்கொண்டே திட்டியிருப்பாய். பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காக மலையோரம் சரளை கொட்டிய மேட்டுப்பாதை இருக்கிறதல்லவா, முதல் பாதை வந்தது. இது லாரிக்காரர்களுக்கானது, நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். பார், சாகப்போகிற நேரத்திலும் எனக்கு ஒதுக்காத இடத்தில் ஏறக் கூச்சம். அப்படித்தானே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். இரண்டாவது பாதை வந்தபோது கூச்சம் போய்விட்டது. ஏறினேன்.

சரளைக்குள் வண்டி புகுந்ததை என்னால் சரியாக விவரிக்க முடியாது. தட்டு, டம்ளர், உன் பச்சை ஜாடி, எல்லாம் ஒரே நேரத்தில் சமையலறையை விட்டு என்னைப் பார்க்க வந்தன. அப்புறம் எல்லாம் அமைதி. ஒரே ஒரு கிழங்கு மட்டும் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. எனக்கு அடி ஒன்றும் இல்லை, நெற்றியில் ஒரு சிராய்ப்பு, உன் மிளகு டப்பா பட்டது. உன் கார் வயிறு வரைக்கும் சரளையில் புதைந்து, ஆனால் முழுசாக நின்றது. அதை மட்டும் முதலில் போய்ப் பார்த்தேன்.

நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார், நோட்டை எடுத்தார். "ஏன் பிரேக்கு பிடிக்கல?" என்றார்.

"உருளைக்கிழங்கு."

"என்னது?"

"உருளைக்கிழங்குங்க. அடியில மாட்டிக்கிச்சு."

அவர் எழுதவில்லை. "குடிச்சிருக்கீங்களா?" என்றார். உள்ளே அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "வண்டியில தனியாவா வந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

பகோசாவிலிருந்து இழுவை லாரி கொண்டுவந்தவன் பெயர் ஆர்லோ. சங்கிலியைப் போட்டுக்கொண்டே, "பதினெட்டு வருஷமா இந்தச் சரளையில லாரியைத்தான் எடுத்திருக்கேன்ணே. வீட்டை எடுக்கறது இதுதான் முத தடவை" என்றான். முதலில் உன் காரை எடுக்கச் சொன்னேன். "வீடு அந்தரத்துல நிக்குது, இவருக்குக் காரு முக்கியமாம்" என்று தன் கையாளிடம் சொன்னான். "திங்கட்கிழமை அவளுக்கு வேலைக்குப் போகணும்பா" என்றேன். "யாருக்கு?" "அவளுக்கு." அவன் காரைத்தான் முதலில் எடுத்தான்.

இப்போது ஆர்லோவின் பட்டறை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வண்டிக்கு முன்பக்கம் கொஞ்சம் அடி, அவ்வளவுதான். நாளை ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்றிருக்கிறான். திங்கட்கிழமை விடிவதற்குள் உன் காரை இழுத்துக்கொண்டு வந்து லோயிஸ் வாசலில் கழற்றி விட்டுவிட்டு, நீ சொன்ன மாதிரியே உள்ளே வராமல், அந்தக் கிடங்குக்கு நேராகப் போய்விடுவேன். உன் பெயரை அடிக்கச் சொல்லி எழுதிப்போட்டுவிட்டேன். என் பெயர் மட்டும் இருக்கிறது. உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. தனியாக இருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை, வேளாவேளைக்குச் சமைத்துச் சாப்பிடுகிறேன், இரவு நன்றாகத் தூக்கம் வருகிறது, நீ குறட்டை விடாததால் முன்பைவிட நன்றாகவே வருகிறது. ஆகவே என்னைப் பற்றி யோசித்து நீ மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உன் முழங்காலுக்கு என் பிரத்தியேக விசாரிப்பைச் சொல். பள்ளிக்கூடச் சமையலறையில் கனமான பாத்திரத்தைத் தூக்காதே, தூக்கச் சொன்னால் முடியாது என்று சொல், என்னிடம் சொன்ன மாதிரியே சொல். லோயிஸுக்கு என் வணக்கம், அவள் வாங்கிக்கொள்ளாவிட்டால் நீயே வைத்துக்கொள். நான் கூட இல்லாத குறைக்கு ஆண்டவர் உன் கூட இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரைக்கும் உன் கணவன்,
டெல்பர்ட்

பி.கு. திங்கட்கிழமை, காலை ஏழு மணி. மேலே எழுதியதில் மலை வரைக்கும் உண்மை, ஆர்லோ வரைக்கும்கூட உண்மை. அதற்கப்புறம் உள்ளதை அடித்துவிடு. வண்டியின் முன் அச்சு வளைந்துவிட்டது, அடிச்சட்டம் பிளந்துவிட்டது. ஆர்லோ வெள்ளிக்கிழமையே அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். மெக்கானிக் தொப்பியைக் கழற்றினால் டாக்டர் பேச்சைக் குறைப்பது மாதிரி. "இது இனிமே ஓடாதுண்ணே, நானே எடுத்துக்கிறேன், உதிரி பாகத்துக்கு ஆகும்" என்றான். இது தெரிந்தேதான் சனிக்கிழமை உனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று எழுதினேன். கிடங்குக்கும் நான் போகவில்லை. படுக்கிற இடத்தைச் சொந்தமாக ஓட்டிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் அங்கே வேலை, வண்டி இல்லாத கிழவன் அவர்களுக்கு எதற்கு? சமைத்துச் சாப்பிடுகிறேன் என்பதும் பொய், தூக்கம் வருகிறது என்பதும் பொய், குறட்டை விஷயம் எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்.

உன் காரை நான் இழுத்துக்கொண்டு வரவில்லை, ஓட்டிக்கொண்டு வந்தேன். நேற்று மத்தியானமே ஊருக்கு வந்துவிட்டேன், ராத்திரியைத் தெருமுனையில் காருக்குள்ளேயே கழித்தேன். இப்போது அது லோயிஸ் வாசலில் நிற்கிறது. உன் துணிகளும் மிச்சமான இரண்டு தட்டும் பின்னிருக்கையில் இருக்கின்றன. விட்டுவிட்டுப் போ என்று எழுதியிருந்தாய், போவதற்கு என்னிடம் வேறு வண்டி இல்லை. இந்தக் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுத் திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்துகொள்வேன். ஓட்டுகிற இருக்கையில் அல்ல, பக்கத்து இருக்கையில். சாவி அதன் இடத்தில் இருக்கிறது, டயர் நான்கையும் நானே இறங்கிப் பார்த்துவிட்டேன். உனக்கு எட்டு மணிக்கு வேலை. வந்து ஏறு. எந்தத் தெரு முனையில் இறங்கச் சொன்னாலும் வாயைத் திறக்காமல் இறங்கிவிடுகிறேன். ஒன்றும் சொல்லாமல் ஓட்டினாயானால், பள்ளிக்கூடம் வரைக்கும் வருகிறேன்.